ஒருபருவ மணப்பூக்களும் மகரந்தம் சேர்க்கும் பூச்சிகளும்

பூவின் மணம் என்பது இதழ்களின் மேல்தோல் செல்களில் உருவாகி, ஆவியாகிக் காற்றில் கலக்கும் சிறு மூலக்கூறுகளின் கலவை. லினலூல், ஆசிமீன், மெத்தில் பென்சோயேட் போன்ற சில சேர்மங்கள் ஒன்றுக்கொன்று உறவில்லாத தாவரக் குடும்பங்களிலும் திரும்பத் திரும்பக் காணப்படுகின்றன. இவற்றை உண்டாக்கச் செடி தன் உணவுச் சேமிப்பிலிருந்து செலவிடுகிறது. அந்தச் செலவுக்குக் கிடைக்கும் பலன் ஒரு தேனீயின் அல்லது அந்துப்பூச்சியின் வருகைதான். விதையிலிருந்து முளைத்து, பூத்து, விதை தந்து ஒரே பருவத்தில் மடியும் செடிக்கு இந்த வருகை இன்னும் முக்கியம். மல்லிகைக்கும் செண்பகத்துக்கும் அடுத்த ஆண்டு இருக்கிறது. ஒருபருவச் செடிக்கு அது இல்லை.

ஆனாலும் ஒருபருவச் செடிகள் எல்லாம் மணப்பதில்லை. அவற்றில் பல, பூச்சியை நம்பாமல் தம் மகரந்தத்தாலேயே விதை பிடித்துக்கொள்கின்றன. அப்படிப்பட்ட செடிக்கு மணம் வீண்செலவு. கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த காப்செல்லா என்னும் சிறுசெடியில் இதைத் தெளிவாகக் காணலாம். அயல் மகரந்தம் தேவைப்படும் இனத்தின் பூவில் பென்சால்டிஹைடு என்னும் மணப்பொருள் இருக்கிறது; அதிலிருந்து பிரிந்து தன்மகரந்தச் சேர்க்கைக்கு மாறிய இனத்தில் அது மறைந்துவிட்டது. கலிபோர்னியாவின் கிளார்க்கியா இனங்களில் இதற்கு நேர்மாறான கதை. அந்தப் பேரினத்தின் செடிகள் பெரும்பாலும் மணமற்றவை. பிரூவெரி என்னும் ஒரே இனம் மட்டும் அந்துப்பூச்சிகளை ஈர்க்க இனிய மணம் வீசுகிறது. பூமணத்துக்குக் காரணமான நொதி ஒன்றின் மரபணு முதன்முதலில் பிரித்தெடுக்கப்பட்டது 1996-இல் இந்தச் செடியிலிருந்துதான். ஆகவே ஒருபருவச் செடி ஒன்று நன்றாக மணக்கிறது என்றால், பூச்சி வந்தாக வேண்டிய கட்டாயம் அதற்கு இப்போது இருக்கிறது, அல்லது அதன் முன்னோர்க்கு இருந்தது என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

மணம் நாள் முழுவதும் ஒரே அளவில் வீசுவதில்லை. தோட்டம் போடுபவர் முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான். விதைப் பொட்டலங்களில் அச்சிடப்படாததும் இதுதான். ஸ்னாப்டிராகன் பூ மெத்தில் பென்சோயேட்டைப் பகலில் வெளியிடுகிறது, ஏனெனில் அதன் இறுகிய வாயைத் திறக்கும் பலமுள்ள தேனீக்கள் பகலில் உலவுகின்றன. அதே மெத்தில் பென்சோயேட்டை வெள்ளைப் பெட்டூனியாவும் மணப்புகையிலையும் இரவில் வெளியிடுகின்றன. மூலக்கூறு ஒன்றேதான், வெளியாகும் வேளை மாறியதால் வருகிற பூச்சியும் மாறிவிட்டது. மகரந்தச் சேர்க்கை நடந்தபின் ஸ்னாப்டிராகனிலும் பெட்டூனியாவிலும் இந்த மணம் குறைந்துவிடுவது 2003-இல் வெளியான ஆய்வில் காட்டப்பட்டது. வேலை முடிந்த பூ தன்னைத் தேடி இனி யாரும் வரவேண்டியதில்லை என்று அடங்கிவிடுகிறது. பூச்சிகள் மற்ற பூக்களுக்குப் போகின்றன.

அமெரிக்காவின் யூட்டா பாலைநிலத்தில் வளரும் காட்டுப்புகையிலை இன்னும் வியப்பூட்டுவது. அதன் பூ மாலையில் விரிந்து பென்சைல் அசிட்டோன் மணத்தை வீசிப் பருந்து அந்துப்பூச்சிகளை வரவழைக்கிறது. வந்த தாய்ப்பூச்சி தேன் குடித்த கையோடு முட்டையும் இடும்; முட்டையிலிருந்து வரும் புழு இலையைத் தின்னும். புழு பெருகியதும் செடி காலையில் விரியும் பூக்களை விடத் தொடங்குகிறது. அவற்றில் பென்சைல் அசிட்டோன் அநேகமாக இல்லை. அவற்றைத் தேடி ஓசனிச்சிட்டுகள் வருகின்றன. மணத்தை வெளியிடுவதிலும் அடக்குவதிலும் ஒரு பருவமே வாழும் செடிக்கு இத்தனை நுணுக்கம் இருக்கிறது.

தமிழ்நாட்டுத் தோட்டங்களில் பகல் நேர விருந்தினர் முதன்மையாகத் தேனீக்கள். பெட்டிகளில் வளர்க்கப்படும் அடுக்குத் தேனீ, சிறு கிளைகளில் ஒற்றை அடை கட்டும் கொம்புத் தேனீ, பாறையிலும் உயர்ந்த மரங்களிலும் தொங்கும் மலைத் தேனீ, சுவர்ப் பொந்துகளில் குடியிருக்கும் கொடுக்கில்லாத கொசுத் தேனீ ஆகிய நான்கும் கூட்டமாக வாழ்பவை. கூட்டமில்லாத் தனித் தேனீக்களும் பல உண்டு. உடலில் நீலப் பட்டைகள் மின்ன, துளசிக் கதிர்முன் அந்தரத்தில் நின்று நின்று குடிக்கும் நீலப்பட்டைத் தேனீ மண்ணில் வளை தோண்டி வாழ்கிறது. ரோஜா இலையை வட்டமாக நறுக்கிச் செல்லும் இலைவெட்டித் தேனீயால் செடிக்குக் கேடில்லை. அந்த இலைத்துண்டு அதன் குஞ்சுக்கு அறைச்சுவர். மரத்தைத் துளைத்துக் குடியிருக்கும் கரிய தச்சுத்தேனீ பெரிய, கனத்த பூக்களைத் திறக்கும் ஆற்றலுள்ளது.

தேனீக்கு மணம் நினைவில் தங்கும் வேகம் நிறத்தைவிட அதிகம். கார்ல் வான் ஃபிரிஷ் 1910-களிலேயே தேனீக்களை மணத்துக்குப் பழக்கிச் சோதித்தார்; 1973-இல் நோபல் பரிசு பெற்ற அவரது ஆய்வுகளில், கூட்டுக்குத் திரும்பி நடனமாடும் தேனீயின் உடலில் ஒட்டியிருக்கும் பூமணத்தை மற்றத் தேனீக்கள் முகர்ந்து அறிந்து புறப்படுவதும் உறுதியானது. ஒரே வகைப் பூவைப் பத்துப் பதினைந்து செடிகளாகச் சேர்த்து வைத்தால் வருகை கூடுவதற்கு இது ஒரு காரணம். வகைக்கு ஒன்றாக இருபது செடி வைத்த தொட்டி வரிசை கண்ணுக்கு அழகு. தேனீக்கு அது சிதறிய செய்தி.

இரவு விருந்தினர் அந்துப்பூச்சிகள். அவற்றில் பருந்து அந்துப்பூச்சிகள் அமராமல் பறந்தபடியே நீண்ட நாக்கை நீட்டிக் குடிப்பவை. சர்க்கரைவள்ளிக் கொடியிலும் தாளிக்கொடியிலும் புழுவாக வளரும் இனம் ஒன்றின் நாக்கு உடலைவிட நீளமானது. குறுகிய நீண்ட குழல், வெளிர் நிறம், அந்தியில் எழும் மணம் ஆகிய மூன்றும் சேர்ந்த பூ எதுவாயினும் அது இவற்றை எதிர்பார்த்து நிற்பது.

தமிழர் வீடுகளில் மணப்பூவுக்குக் குறைவில்லை. ஆனால் மல்லிகை, முல்லை, சம்பங்கி, செண்பகம் எல்லாம் பதியனிலோ கிழங்கிலோ ஒட்டிலோ பெருகும் பல்லாண்டுச் செடிகள். மேலும் மல்லிகையும் முல்லையும் மொட்டாகவே பறிக்கப்படுகின்றன. இரவில் அந்துப்பூச்சிக்காக விரிய வேண்டிய பூ பொழுது விடியும் முன்பே கூடைக்குப் போய்விடுகிறது. ஆகவே மணம் கமழும் ஒரு மல்லிகைத் தோட்டத்தில் பூச்சிக்கு மிச்சமிருப்பது மிகக் குறைவு. மரிக்கொழுந்தின் மணம் இலை தரும் மணம். அதன் சிறு பூக்களைக் கண்டு தேனீக்கள் கூட்டமாக வருவதில்லை. எதிர்ப்பக்கத்தில், மனித மூக்குக்கு மணமே தெரியாத தும்பையில் காலை முழுவதும் தேனீ மொய்க்கிறது. மனிதருக்குப் பிடித்த மணமும் பூச்சிக்குப் பயன்படும் பூவும் எப்போதும் ஒன்றல்ல. பறிக்காமல் செடியிலேயே விடப்படும் ஒருபருவப் பூக்களின் தேவை இங்கேதான் எழுகிறது.

இந்தப் பிளவை வணிகப் பூ வளர்ப்பு இன்னும் பெரிதாக்கியிருக்கிறது. பெட்டூனியா அதற்கு நல்ல சான்று. வெள்ளையாய், இரவில் மணந்து அந்துப்பூச்சியை ஈர்க்கும் காட்டினம் ஒன்றையும், ஊதாவாய்ப் பகலில் தேனீயை ஈர்க்கும் இன்னொன்றையும் 1830-களில் இங்கிலாந்தில் கலந்து தோட்டப் பெட்டூனியாவை உருவாக்கினார்கள். அதன்பின் நிறத்துக்கும் அளவுக்குமாகவே தேர்வு நடந்ததால் இன்றைய வண்ண வகைகள் பலவற்றில் மணம் மங்கிவிட்டது; வெள்ளையிலும் கரு ஊதாவிலும் மட்டும் ஓரளவு நிற்கிறது. இனிப்புப் பட்டாணி எனப்படும் ஸ்வீட் பீயின் வரலாறும் அத்தகையதே. சிசிலித் தீவின் துறவி பிரான்செஸ்கோ குபானி 1699-இல் இங்கிலாந்தின் என்ஃபீல்டில் இருந்த ராபர்ட் உவேடேலுக்கு அனுப்பிய விதை, சிறு பூவும் கடும் மணமும் கொண்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் ஹென்றி எக்ஃபோர்ட் உருவாக்கிய வகைகளும், 1900-ஐ ஒட்டித் தோன்றிய ஸ்பென்சர் வகையும் பூவைப் பெரிதாக்கி இதழை அலையலையாக்கின; பிற்கால வகைகள் பலவற்றில் பழைய மணம் இல்லை. மணத்துக்காக இதை வளர்க்க விரும்புவோர் பழைய வகை விதையையே தேட வேண்டும். ஆனால் இது மொட்டுக்குள்ளேயே தன்மகரந்தம் பெற்றுவிடும் செடி. பூச்சிக்காக மட்டும் தோட்டம் போடுபவர் இதை முதல் வரிசையில் வைக்க வேண்டியதில்லை.

செண்டுமல்லியில் கெடுதல் வேறு வகை. மெக்சிகோவிலிருந்து வந்து இந்திய மாலைகளில் நிலைத்துவிட்ட இந்தப் பூவில், நடுவிலுள்ள குழல் பூக்களில்தான் தேனும் மகரந்தமும் கிடைக்கும். மாலைக்கு எடை வேண்டும் என்று அடுக்கு இதழ் வகைகளைத் தேர்ந்தெடுத்தபோது அந்தக் குழல் பூக்களின் இடத்தை இதழ்ப்பூக்கள் பிடித்துக்கொண்டன. பந்துபோல் உருண்ட செண்டுமல்லி வயலில் தேனீ வட்டமிட்டுவிட்டு வெறுங்கையோடு போகும். ஒற்றை அடுக்கில், நடுவட்டம் திறந்து தெரியும் குட்டை வகை செண்டுமல்லியில் அந்தக் குறை இல்லை. காஸ்மாஸ், ஜின்னியா, சூரியகாந்தி ஆகியவற்றுக்கும் இதே அளவுகோல்தான்: நடு வட்டம் கண்ணுக்குத் தெரிந்தால் பூச்சிக்கும் வழி உண்டு.

சமவெளியின் வெப்பத்தில் எளிதாக வரும் மணச்செடிகளில் முதலிடம் திருநீற்றுப்பச்சைக்கும் துளசிக்கும் தரலாம். துளசி சில ஆண்டு வாழக்கூடியது. திருநீற்றுப்பச்சை உண்மையான ஒருபருவச் செடி. இரண்டிலும் மணச்சுரப்பிகள் இலையிலும் இருப்பதால் பூக்குமுன்பே செடி மணக்கும். ஆனால் தேனீ வருவது கதிருக்கு. மாடத்துத் துளசியில் கதிரைக் கிள்ளிவிடும் வழக்கம் செடி நீண்டநாள் வாழ உதவுகிறது. பூச்சிகளுக்கென்று வைத்த செடியில் அதைச் செய்யக்கூடாது. மூன்று செடி பூஜைக்கு, ஏழு செடி தேனீக்கு என்று பிரித்துக்கொள்வது இரு தேவையையும் காக்கும் வழி.

அடுத்தது கொத்தமல்லி. கீரைக்காக விதைத்து, வெயிலில் தண்டுவிட்டுப் பூத்ததும் பிடுங்கி எறியப்படும் செடி இது. அந்த வெள்ளைக் குடைப்பூக்களில் தேன் மேலாகவே இருப்பதால் நாக்கு குட்டையான கொம்புத் தேனீ, கொசுத் தேனீ, மிதவை ஈக்கள், பயிர்ப்புழுக்களைத் தாக்கும் சிறு குளவிகள் எல்லாமே குடிக்க முடிகிறது. சோம்பு, சதகுப்பை, ஓமம் ஆகியவையும் இதே குடும்பம், இதே பயன். காய்கறித் தோட்டத்தின் ஓரத்தில் இவற்றைப் பூக்க விடுவது கத்தரிக்கும் வெண்டைக்கும் பூச்சிக் காவலாகவும் அமைகிறது. கலிபோர்னியாவின் இயற்கை விவசாயிகள் லெட்டூஸ் வயலின் இடையிடையே தேன்மணமுள்ள ஸ்வீட் அலிஸம் விதைப்பது இதே நோக்கத்தில்தான். அதன் தேனுக்கு வரும் மிதவை ஈக்களின் புழுக்கள் அசுவினியைத் தின்கின்றன.

அந்திப் பொழுதுக்கு அந்திமந்தாரைக்கு இணை இல்லை. தென்னமெரிக்காவிலிருந்து வந்து தமிழ்நாட்டின் கொல்லைகளில் தானே முளைக்கும் அளவுக்குப் பழகிவிட்ட இதன் பூ மாலை நான்கைந்து மணிக்கு விரிந்து மறுநாள் வெயில் ஏறும்போது வாடுகிறது. மணத்தில் முதன்மையானது ஆசிமீன். அது அந்தியில்தான் உச்சத்தைத் தொடுகிறது. பூச்சி வராவிட்டால் வாடும் வேளையில் மகரந்தத் தண்டுகள் உள்நோக்கிச் சுருண்டு சூல்முடியைத் தொட்டுத் தாமே விதை பிடிக்கும். ஒரு பூவுக்கு ஒரே விதை. மிளகு போலக் கறுத்துச் சுருங்கிய அந்த விதை நஞ்சுள்ளது, குழந்தைகள் கைக்கு எட்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இன்னும் நீண்ட குழலுடன், பந்தலில் படர்ந்து இருட்டும் நேரத்தில் சில நிமிடங்களிலேயே விரியும் வெள்ளைப்பூவை மூன்ஃபிளவர் என்று நர்சரிகளில் விற்கிறார்கள். அதுவும் பருந்து அந்துப்பூச்சிகளுக்கானது. ஊமத்தையும் இரவில் மணந்து அவற்றை அழைக்கும். ஆனால் செடி முழுவதும் கொடும் நஞ்சு என்பதால் வீட்டுத் தோட்டத்துக்கு ஏற்றதல்ல.

குளிர் விரும்பும் மணப்பூக்களுக்கு நீலகிரியும் கொடைக்கானலும் இயல்பான இடங்கள். வில்லியம் கிரஹாம் மெக்ஐவர் 1848-இலிருந்து உருவாக்கிய உதகை தாவரவியல் பூங்காவில் இன்றும் மே மாத மலர்க்காட்சிக்காக விதைத்து நடப்படுபவை பெரும்பாலும் இத்தகைய ஒருபருவச் செடிகளே. ஸ்வீட் பீ, ஸ்டாக், ஸ்னாப்டிராகன், மணப்புகையிலை, ஸ்வீட் அலிஸம் ஆகியவை மலையில் மாதக்கணக்கில் பூக்கும். சமவெளியில் இவற்றுக்கு மார்கழி முதல் மாசி வரையே வாழ்வு. மணப்புகையிலையும் அலிஸமும் மட்டும் அந்தக் குறுகிய காலத்திலும் நன்றாகப் பூத்துவிடுகின்றன.

விதைப்பில் தவறு பெரும்பாலும் ஆழத்தில் நேர்கிறது. விதையின் தடிமனைப்போல் இரண்டு மூன்று மடங்கு ஆழம் என்பது பொது விதி. பெட்டூனியா, புகையிலை, அலிஸம், ஸ்னாப்டிராகன் போன்றவற்றின் விதைகள் முளைக்க வெளிச்சம் உதவுகிறது. இவற்றை மண்மேல் தூவி லேசாக அழுத்தினால் போதும், மூடக்கூடாது. புகையிலை விதை ஒரு கிராமில் 10,000-க்கு மேல் இருக்கும். உலர்ந்த மெல்லிய மணலோடு கலந்து தூவினால்தான் பரவலாக விழும். பூவாளி நீர் இவற்றை அடித்துக்கொண்டு போய்விடும் என்பதால், தட்டில் நீர் ஊற்றித் தொட்டியை அதில் வைத்து அடியிலிருந்து ஊறவிடுவது நல்லது.

திருநீற்றுப்பச்சை விதையை நீரில் போட்டால் சில நிமிடங்களில் வெளுத்த வழவழப்பான உறை சூழ்ந்து ஊதிவிடும். சர்பத்தில் மிதக்கும் சப்ஜா விதை இதுதான். இந்த உறை மண்ணில் விதையைச் சுற்றி ஈரத்தைப் பிடித்துவைக்கிறது. ஊறிய விதை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் என்பதால் உலர்ந்த விதையையே தூவ வேண்டும்; ஒரு வாரத்துக்குள் முளை தெரியும். கொத்தமல்லி என்று நாம் விதைப்பது இரு விதைகள் ஒட்டிய காய். தரையில் தேய்த்து இரண்டாக உடைத்து விதைத்தால் முளைப்பு சீராகும். அந்திமந்தாரை, ஸ்வீட் பீ, மூன்ஃபிளவர் ஆகியவற்றின் தோல் கடினமானது. இரவு முழுவதும் ஊறவைத்தால் முளை விரைவாக வரும், மூன்ஃபிளவர் விதையை முதலில் உப்புத்தாளில் லேசாக உரசவும் வேண்டும்.

முளைத்த நாற்றுக்குப் பெரும் எதிரி நாற்றழுகல். ஈரம் தேங்கி, காற்றோட்டம் இல்லாமல், நாற்று நெருங்கி நிற்கும் இடத்தில் பித்தியம் போன்ற பூஞ்சையொத்த நுண்ணுயிர்கள் தண்டின் அடியைத் தாக்க, நேற்று நிமிர்ந்து நின்ற நாற்று இன்று சாய்ந்து கிடக்கும். ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து விதைப்பது தமிழ்நாட்டு வேளாண்மையில் நிலைபெற்ற நேர்த்தி. வீட்டளவில் ஒரு சிட்டிகை போதும். தென்னைநார்க் கழிவும் மட்கிய தொழுவுரமும் கலந்த குழித்தட்டுகளில் நீர் தேங்குவதில்லை. நான்கு இலை விட்டபின் மாலை நேரத்தில் எடுத்து நட வேண்டும்.

ஆடிப்பட்டத்தில் விதைத்த திருநீற்றுப்பச்சையும் செண்டுமல்லியும் புரட்டாசியில் பூக்கும். வடகிழக்குப் பருவமழை கொட்டும் ஐப்பசியில் திறந்த நிலத்தில் சிறு விதை நிற்காது. நாற்றைக் கூரையடியில் வளர்த்துக் கார்த்திகைக் கடைசியில் நடுவதே சரி. ஒரே நாளில் எல்லா விதையையும் போட்டுவிட்டால் பூவும் ஒரே மாதத்தில் முடிந்துவிடும். கொத்தமல்லியை மூன்று வாரத்துக்கு ஒருமுறை சிறு பாத்தியாக விதைத்துக்கொண்டே போனால் பூ அறுபடாது. தொடர்ச்சியின் அருமை கன்னியாகுமரி மாவட்டத்தின் மார்த்தாண்டம் பகுதித் தேனீ வளர்ப்பாளர்களுக்கு நன்றாகத் தெரியும். அங்கே தை முதல் ரப்பர்க் கொழுந்தில் சுரக்கும் இனிப்பு நீர் பெட்டிகளை நிரப்புகிறது. ஆனால் ரப்பரின் அந்தச் சுரப்பில் மகரந்தம் கிடையாது, பருவம் முடிந்து மழை தொடங்கியதும் சர்க்கரைப்பாகு வைத்தே கூட்டங்களைக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது. பஞ்சகாலத்தில் பூக்கும்படி விதைத்த ஒரு துளசிப் பாத்தி, வளமான காலத்தில் பூக்கும் பத்துப் பாத்திகளைவிட மதிப்புள்ளது.

மணம் எவ்வளவு தொலைவு போகும் என்பது காற்றின் தூய்மையைப் பொறுத்தது. லினலூல், மிர்சீன், ஆசிமீன் ஆகிய மூன்றையும் கொண்டு அமெரிக்காவின் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தார் 2008-இல் செய்த கணக்கீட்டில், தூய காற்றில் ஒரு கிலோமீட்டருக்கு மேல் செல்லக்கூடிய பூமணம், மாசடைந்த நகரக் காற்றில் 200 முதல் 300 மீட்டருக்குள் சிதைந்துவிடுவது தெரிந்தது. காரணம் ஓசோன் போன்றவற்றுடன் நடக்கும் வேதிவினை. இரவில் நிலைமை இன்னும் மோசம். வாகனப் புகையிலிருந்து உருவாகும் நைட்ரேட் ரேடிக்கல் வெயிலில் அழிந்துவிடும், இருட்டில் தங்கிவிடும்; அது அந்திப்பூவின் மணத்தைக் கலைப்பதால் பருந்து அந்துப்பூச்சியின் வருகை பெரிதும் குறைவதை 2024-இல் வெளியான ஆய்வு காட்டியது. விளக்கொளியும் ஊறு செய்கிறது. சுவிட்சர்லாந்துப் புல்வெளிகளில் 2017-இல் வெளியான ஆய்வில், விளக்கு வைத்த இடங்களில் இரவுப் பூச்சிகளின் வருகை 62 சதவீதம் குறைந்திருந்தது. அந்திமந்தாரையைச் சாலையோரத்தில், தெருவிளக்கின் கீழ் வைப்பதைவிட வீட்டின் பின்புறத்து இருளில் வைப்பது நல்லது என்பது இதிலிருந்து பெறும் நேரடிப் பாடம். மாடித்தோட்டமானால் இரவில் மாடி விளக்கை அணைத்துவிட வேண்டும்.

பூச்சிகளை அழைத்துவிட்டு நஞ்சு தெளிப்பது கொடுமை. இமிடாகுளோப்ரிட் போன்ற நியோனிகோடினாய்டுகள் செடிக்குள் ஊடுருவித் தேனிலும் மகரந்தத்திலும் கலக்கின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2018-இல் இவ்வகையில் மூன்றைத் திறந்தவெளிப் பயன்பாட்டிலிருந்து விலக்கியது. நர்சரியில் பூத்த நாற்றாக வாங்கும்போது முன்பே என்ன தெளிக்கப்பட்டது என்று அறிய வழியில்லை. நேர்த்தி செய்யாத விதையிலிருந்து தானே வளர்த்த செடியில் அந்த ஐயம் இல்லை. விதைவழித் தோட்டத்துக்கு இதுவே மிக வலுவான காரணம். அசுவினி வந்தால் நீரைப் பீய்ச்சிக் கழுவலாம். வேப்பெண்ணெய் தெளிக்க நேர்ந்தாலும் தேனீக்கள் அடங்கிய பின், பூவை விட்டுவிட்டு இலைக்கு மட்டும் தெளிக்க வேண்டும். தழைச்சத்து அதிகமானால் இலை செழித்துப் பூ தள்ளிப்போகும். நிலம் முழுவதையும் மூடாக்கால் மறைத்துவிடாமல் வெயில் படும் ஓரத்தில் ஒரு முழம் வெறும் மண் விட்டால் நீலப்பட்டைத் தேனீ அங்கேயே வளை தோண்டும்.

பருவத்தின் கடைசிப் பூக்களைப் பறிக்காமல் விட வேண்டும். அவையே அடுத்த விதை. திருநீற்றுப்பச்சைக் கதிர் பழுப்பாகி உலர்ந்ததும் கைகளுக்கிடையே கசக்கி, முறத்தில் புடைத்தால் கரு விதைகள் தனியே நிற்கும். அந்திமந்தாரை விதை கறுத்துத் தானே உதிரும். தினமும் அடியில் பொறுக்கலாம். கொத்தமல்லியைக் குடை பழுத்ததும் தண்டோடு அறுத்து நிழலில் தலைகீழாகத் தொங்கவிட வேண்டும். வீரிய ஒட்டு ரகங்களின் விதை தாயைப்போல வராது. பெட்டூனியாவிலும் செண்டுமல்லியிலும் இது அடிக்கடி ஏமாற்றும் என்பதால் தொடக்கத்திலேயே நாட்டு ரகமோ பழைய ரகமோ வாங்குவது நல்லது. எடுத்த விதையை நன்றாக உலர்த்தி, பெயரும் மாதமும் எழுதிய கண்ணாடிப் புட்டியில் இறுக மூடி, குளிர்ச்சியான இருட்டில் வைத்தால் அடுத்த ஆடியில் முளைக்கும்.